வோல்ட், ஆம்பியர், ஓம், பயம்

எங்கள் தொழிலில் பயப்படுகிறவர்களுக்குத்தான் தலை நரைக்கும். பயப்படாதவர்கள் அந்த வயசு வரைக்கும் வந்து சேர்வதில்லை. எனக்கு நன்றாகவே நரைத்திருக்கிறது.

நான் லைசென்ஸ் வாங்கிய வயர்மேன். பெண்ணாக இருந்தாலும் லைசென்ஸில் வயர்மேன்தான். பெயர் ஸ்டெல்லா. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தவள். இப்போது கிள்ளானில் இருந்துகொண்டு ஒரு பழைய வேனில் ஊர் ஊராகச் சுற்றுகிறேன். என்னோடு வேலை செய்பவர் மீரான் பாய். ராமநாதபுரம் பக்கம், வேலை பெர்மிட்டில் இந்த நாட்டுக்கு வந்தவர். மனைவியும் பிள்ளைகளும் ஊரில். நாங்கள் இரண்டு பேருமே சுத்தக் கோழைகள். அதனால்தான் எங்கள் கூட்டு இன்னும் உடையாமல் இருக்கிறது.

வோல்ட் தள்ளும், ஓம் தடுக்கும், தடுத்தது போக ஓடுவது ஆம்பியர். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். பாடம் அவ்வளவுதான். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்வரை அது கணக்கு. அந்த ஓம் இருக்கிற இடத்தில் ஓர் ஆள் ஈரக் காலோடு நிற்கிறார் என்று உறைக்கிற நாளிலிருந்து அது பயம். சுவிட்சைத் தட்டுமுன் ஒரு விநாடி மூச்சைப் பிடித்துக்கொள்கிற என் சக கோழைகளே, இதெல்லாம் உங்களுக்குத்தான்.

ரப்பர் செருப்பு

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஃபிளாட். ஓய்வு பெற்ற டீச்சர் ஆன்டி, தனியாக இருக்கிறவர். "குளிக்கும்போது குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்குது, வந்து பாரும்மா" என்று போனில் சொன்னார். லேசாகச் சுர்ரென்றால் எங்களுக்கு அடிவயிற்றில் பலமாகச் சுர்ரென்னும். போனிலேயே, யாரும் குளியலறைக்குள் போகக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போய் மீட்டர் வைத்துப் பார்த்தால், ஷவர் குழாய்க்கும் தரைக்கும் நடுவில் அறுபது வோல்ட் நிற்கிறது. நனைந்த உடம்புக்கு ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதை ஆயிரத்தால் வகுத்தால் அறுபது மில்லி ஆம்பியர். முப்பதைத் தொட்டாலே மெயின் போர்டில் இருக்கும் காவல் சுவிட்ச் தானாக விழுந்து கரண்டைத் துண்டிக்க வேண்டும். ஏன் விழவில்லை என்று மூடியைக் கழற்றினேன். அந்தச் சுவிட்சின் தலைக்கு மேல் ஒரு துண்டு வயர் போட்டு, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் யாரோ நேராகவே இணைத்துவிட்டிருந்தார்கள். கரண்டு அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"அது அடிக்கடி விழுந்து தொல்லை கொடுத்துச்சு. கீழ் மாடியில ஒருத்தர் வந்து சரி பண்ணிக் கொடுத்தாரு" என்றார் ஆன்டி. தண்ணீர் ஹீட்டருக்குள் கம்பியிலிருந்து கரண்டு கசிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் சுவிட்ச் விழுந்து விழுந்து கத்தியிருக்கிறது. அதன் வாயைக் கட்டிவிட்டார்கள். ஹீட்டரின் எர்த் வயரும் கழன்று தொங்கியது. கதவோரம் ஒரு புது பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. எதற்கு என்று கேட்டேன். அன்று சாயங்காலம் மகள் பினாங்கிலிருந்து கைக்குழந்தையோடு வருகிறாளாம், பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட வாங்கியதாம். நான் அந்தத் தொட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹீட்டரைக் கழற்றி எடுத்து, எர்த்தைப் பூட்டி, புதுச் சுவிட்ச் போட்டு, பொத்தானை அழுத்திச் சோதித்துக் காட்டினேன். "இவ்வளவு நாள் உங்களுக்கு ஒண்ணும் ஆகாதது பெரிய விஷயம் ஆன்டி" என்றேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"எனக்குத் தெரியும் லா, அதுக்குத்தான் நான் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டே குளிக்கிறேன்."

பட்டுச் சேலையும் பந்தி வயரும்

என் சித்தி மகன் கல்யாணம், கிள்ளானில் ஒரு டேவானில், அதாவது மண்டபத்தில். நான் அன்றைக்கு வயர்மேன் இல்லை, மாப்பிள்ளைக்கு அக்கா. மீட்டரை வேனில் விட்டுவிட்டு, பட்டுச் சேலை கட்டி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சாம்பார் வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. வயர் வேகிற வாசனையை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மூக்கு அதை மறக்காது. மெதுவாக எழுந்து மேடைக்குப் பின்னால் போனேன். அலங்காரத் துணிக்கு அடியில் ஒரு எக்ஸ்டென்ஷன் வயர், வாங்கின மாதிரியே உருளையில் சுற்றியபடி கிடந்தது. அதில் தண்ணீர் கொதிக்க வைக்கிற பெரிய பாய்லர், சோறு வேக வைக்கிற பெட்டிகள், ஒரு கெட்டில், எல்லாம் ஒன்றாகத் தொங்கின. கூட்டினால் ஐயாயிரம் வாட் வரும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். இருபதுக்கு மேலே போகிறது. அந்த பிளக் தாங்குவது பதின்மூன்று. வயரை அவிழ்த்து நீளமாகப் போட்டிருந்தாலாவது சூடு கொஞ்சம் வெளியே போயிருக்கும். சுருளுக்குள்ளேயே அடைந்து, உருளை இளகிக் கொழகொழத்துப் போயிருந்தது. அதன் மேல் சரிகைத் துணி உரசிக்கொண்டிருந்தது. மேடையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான். முந்தானையைச் சுருட்டிக் கையில் சுற்றிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினேன். துணியை இழுத்து அப்பால் எறிந்தேன். கெட்டிமேளம் அந்த நேரம் பார்த்து முழங்கியதால் என் அலறல் யாருக்கும் கேட்கவில்லை.

பந்திக்காரர் ஓடி வந்தார். பிளக்கைத் திறந்து காட்டினேன். எரிந்து போக வேண்டிய ஃபியூஸ் இருந்த இடத்தில் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுருட்டிச் சொருகியிருந்தார்கள். "அண்ணே, இந்தத் துணி பிடிச்சிருந்தா மேடையில இருக்கிற ஒருத்தரும் இறங்கியிருக்க முடியாது" என்றேன். அவர் பாய்லரைத் திறந்து பார்த்தார், சோற்றுப் பெட்டியைத் திறந்து பார்த்தார், பிறகு நிம்மதியாக என்னைப் பார்த்தார்.

"சோறு வெந்திருச்சுல்லக்கா, அப்புறம் என்ன?"

அணைத்தும் அணையாதது

சுபாங் ஜெயாவில் ஒரு கொண்டோ அடுக்குமாடி. குளிரூட்டும் ஏர்கோன் ஓடவில்லை என்று கூப்பிட்ட பையனுக்கு முப்பது வயசிருக்கும். நாங்கள் போவதற்குள் அவரே போனில் ஏதோ வீடியோ பார்த்து, வெளியே இருக்கும் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த கப்பாசிட்டரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பார்க்க ஒரு தகர டப்பா மாதிரி இருக்கும். கரண்டைப் பிடித்துத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் அதற்கு வேலை. அளப்பது ஃபாரட் கணக்கில். இதில் இருப்பது அதிலே பத்து லட்சத்தில் சில பங்கு. ஆனால் அந்தச் சில பங்கே ஆளை மாடிச் சுவரோடு அறைந்துவிடும். சில சமயம் உள்ளே ஒன்றும் இருக்காது, சில சமயம் இருக்கும். எது என்று வெளியே தெரியாது. அந்தப் பையன் அதன் வயர் மாட்டுகிற முள் பக்கத்தை முன்னால் நீட்டி, "இதான் பாஸ் கெட்டுப் போச்சு" என்று மீரான் பாயிடம் கொடுத்தார். பாய் சோபாவுக்குப் பின்னால் பாய்ந்தார். நான் "கீழே வை! கீழே வை!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ரப்பர் மேட்டில் வைக்கச் சொல்லி, கையுறை மாட்டி, ஒரு ரெசிஸ்டரை இரண்டு முனைக்கும் நடுவில் பிடித்து மீட்டரைப் பார்த்தேன். முந்நூறு வோல்ட் இருந்து, மெல்ல மெல்ல இறங்கிச் செத்தது. அந்தப் பையனின் முகம் வெளுத்துவிட்டது.

"நான் ஆஃப் பண்ணித்தான் கழட்டினேன் பாஸ், அது ஆஃப் ஆகலைன்னா நான் என்ன பண்றது?"

பளிச்சென்று ஒரு காலை

கிள்ளானில் நானும் பாயும் வழக்கமாகப் பசியாறும் ஒரு கடை. தோசை வந்தது. சட்னியைத் தொட்டு வாயில் வைக்கும்போது தட்டில் வெளிச்சம் கூடியது. நிமிர்ந்தேன். எங்கள் பக்கத்து விளக்குகள் வெள்ளை வெளேரென்று எரிகின்றன. மின்விசிறி விர்ரென்று பறக்கிறது. கடையின் மறுபக்கத்தில் விளக்குகள் மங்கி, குளிர்பெட்டி முனகுகிறது. பாய் தோசையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு: நியூட்ரல் போய்விட்டது. பெரிய கடைகளுக்கு மூன்று ஃபேஸ் வயர் வரும், கரண்டு திரும்பிப் போகப் பொதுவாக ஒரு நியூட்ரல். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இருநூற்று நாற்பது வோல்ட். ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் நடுவில் நானூற்றுப் பதினைந்து. நியூட்ரல் கழன்றால் பங்கு பிரிக்க ஆளில்லாமல் ஒரு பக்கம் நூறுக்கு இறங்கும், இன்னொரு பக்கம் முந்நூறைத் தாண்டும். கல்லாவுக்குப் பின்னால் இருந்த மெயினை நோக்கி ஓடினேன். போகிற வழியிலேயே தொலைக்காட்சிப் பெட்டி டப்பென்று புகைந்தது. அதற்கு நேர் கீழே ஓர் அம்மா குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். பாய் அவர்களை நாற்காலியோடு இழுத்தார். நான் மெயினைக் கீழே தள்ளினேன்.

கடை இருண்டது. மெயின் பெட்டியைத் திறந்தால், நியூட்ரல் ஆணி தளர்ந்து கருகி, தொட்டதும் கையோடு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் புகைந்தது ஒரு தொலைக்காட்சிப் பெட்டியோடு நின்றிருக்காது. முதலாளி அண்ணன் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து, இருட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னிக்குத்தான் கடை பளிச்சுன்னு இருந்துச்சு, அதையும் அணைச்சிட்டியே ஸ்டெல்லா!"

மசாலா டிரம்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

பண்டமாரானில் மசாலாத் தூள் செய்கிற ஒரு பட்டறை. மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாவற்றையும் கொட்டிக் கலக்க ஓர் ஆள் உயர இரும்பு டிரம். உள்ளே கத்தி மாதிரி தகடுகள். மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை என்று கூப்பிட்டார்கள். மூன்று ஃபேஸில் ஒன்றின் ஃபியூஸ் போயிருந்தது. இரண்டு ஃபேஸை வைத்துக்கொண்டு மோட்டாரால் கிளம்ப முடியாது; முனகிச் சூடாகும், அவ்வளவுதான். புது ஃபியூஸ் போடுவது பெரிய வேலையில்லை. அது ஏன் போனது என்று பார்க்காமல் போடக்கூடாது. டிரம்முக்குள் ஏதாவது சிக்கியிருக்கலாம். மெயின் சுவிட்சை அணைத்து, என் பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பாய் போன ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தகடுகளைப் பார்க்க டிரம்முக்குள் இறங்கினார். நான் அதே அளவில் புது ஃபியூஸ் எடுக்க வாசலில் நின்ற வேனுக்குப் போனேன்.

அந்த மோட்டாருக்கு நாலு போல், அதாவது நாலு காந்த முனை. ஐம்பது ஹெர்ட்ஸை நூற்றிருபதால் பெருக்கி நாலால் வகுத்தால் நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று. கியர் பெட்டி அதைக் குறைத்துக் கொடுக்கும், ஆனால் இழுக்கிற பலத்தைக் கூட்டிவிடும். உள்ளே இருப்பது மல்லியா மனுஷனா என்று அதற்குத் தெரியாது.

வேனுக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருக்கும்போது அந்த முனகல் கேட்டது. 'ம்ம்ம்' என்று, அடி வயிற்றிலிருந்து வருகிற மாதிரி. எந்த மோட்டார் என்று யோசிக்கவே தேவையில்லை. அங்கே இருந்தது அது ஒன்றுதான். ஓடினேன். காலில் ஒரு செருப்பு இல்லை என்பதுகூட அப்புறம்தான் தெரிந்தது. சுவிட்சுக்கு முன்னால் சூப்பர்வைசர் சேகர் நிற்கிறார், கையில் இரும்பு வெட்டுகிற கட்டர். கீழே என் பூட்டு இரண்டாகக் கிடக்கிறது. சாப்பிடப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியவர். வாசலில் லோரி காத்திருக்கிறது, யார் பூட்டோ தெரியவில்லை, வெட்டிவிட்டு மெயினைப் போட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அவரைத் தள்ளிவிட்டுச் சிவப்பை அடித்தேன். முனகல் நின்றது.

"பாய்!" என்று கூப்பிட்டேன். "பாய்! பாய்!" டிரம்மின் வாய்க்குப் பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை. சேகர் முகத்தில் அப்போதுதான் விஷயம் ஏறியது. "உள்ள ஆளா?" என்றார். அவர் கையிலிருந்து கட்டர் விழுந்தது. பிறகு டிரம்மிலிருந்து ஒரு கை வெளியே வந்து விளிம்பைப் பிடித்தது. பாய் ஏறி வந்தார். தலை முதல் கால் வரை மிளகாய்த்தூள். தும்மினார். முனகல் கேட்டதும் எந்தப் பக்கம் தாவுவது என்று தெரியாமல், தகட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாராம். அவர் சட்டைப் பையில் இருந்த அந்தச் செத்த ஃபியூஸ் ஒன்றுதான் அவருக்கும் அந்தத் தகடுகளுக்கும் இடையில் நின்றிருக்கிறது. நான் முதலில் புதுசைப் போட்டுவிட்டு அப்புறம் அவரை இறக்கியிருந்தால், அதற்கு மேல் நினைக்க நான் பழகிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அந்த மோட்டாரை நாங்கள் தொடவில்லை. மறுநாள் போனபோது, வேலை முடிகிறவரை சேகரே சுவிட்சுக்கு முன்னால் நாற்காலி போட்டு, ஒருவரையும் கிட்ட விடாமல் உட்கார்ந்திருந்தார். அதெல்லாம் பிறகு. அந்த நேரத்தில் பாய் ஒரு மல்லி மூட்டை மேல் உட்கார்ந்து, முகத்தைக் கழுவி, என்னையும் சேகரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஊருக்குப் போன் போட்டார். மனைவி எடுத்தார். பாய் குரலில் ஒன்றுமே தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன், பிள்ளைங்க பள்ளிக்கூடம் போயிருச்சா?"

வெள்ளம் வடிந்த வீடு

ஒரு வருஷம் கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்தில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து வடிந்தது. சேறு காயவில்லை, அதற்குள் கூப்பிட்டார்கள். ரவி என்பவரின் மாடி வீடு. கீழே எல்லாச் சுவரிலும் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர்க் கோடு. மாடியில் அவர் அப்பா கட்டிலில். மூச்சுக்கு ஆக்ஸிஜன் கொடுக்கிற மெஷின் கரண்டு இல்லாமல் நிற்கிறது. பதிலுக்கு மாட்டிய சிலிண்டரில் முள் அடிமட்டத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறார், அது இரண்டு தெருவுக்கு அப்பால் சேற்றில் சிக்கிக் கிடக்கிறது. "அக்கா, மெயினை மட்டும் போட்டு விடுங்க. எது எரிஞ்சாலும் எரியட்டும்" என்றார் ரவி. கும்பிட்டார். நானும் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

போடுவதற்கு முன் மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் தடுப்பு எவ்வளவு என்று சொல்கிற கருவி. தடுப்பு ஒரு மெகா ஓமாவது இருக்க வேண்டும், அதாவது பத்து லட்சம் ஓம். கீழ் வீட்டு வயரில் வைத்தேன். முள் பூஜ்யத்திலேயே படுத்துக்கிடந்தது. மெயினைப் போட்டால் கரண்டு ஈரச் சுவருக்குப் போகும். அதே சுவர்தான் மாடி வரைக்கும் ஏறி, அந்தக் கிழவரின் இரும்புக் கட்டிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. "முடியாது தம்பி" என்றேன். ரவி அழ ஆரம்பித்தார். மெயின் போர்டு கதவுக்கு மேலே உயரத்தில் இருந்ததால் நனையவில்லை, அது ஒன்றுதான் நல்ல சேதி. பாய் ஏணியைப் பிடிக்க, போர்டிலிருந்து போகிற வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒதுக்கினேன். மாடி பிளக்குக்குப் போகிற ஒன்றை மட்டும் தனியாக வைத்து மெகரை மாட்டினேன். கைப்பிடியைச் சுற்றும்போது முள் ஆடியது, நின்றது, பிறகு ஏறியது. இரண்டு மெகா ஓமைத் தாண்டி நின்றது. மெஷின் முந்நூற்றைம்பது வாட். இருநூற்று நாற்பதால் வகுத்தால் ஒன்றரை ஆம்பியர். அந்த ஒரு வயர் தாங்கும். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொன்னேன்.

சுவிட்சை மேலே தள்ளும்போது என் கண் தானாக மூடிக்கொண்டது. கணக்கு சரி, மெகர் சரி, காவல் சுவிட்சும் புதுசு. இருந்தாலும் மூடிக்கொண்டது. எதுவும் விழவில்லை. மாடியிலிருந்து மெஷின் 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டு, புஸ் புஸ்ஸென்று மூச்சு விட ஆரம்பித்தது. ரவி படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பாய் ஏணியின் காலைப் பிடித்தபடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அப்போது மாடியிலிருந்து கிழவரின் குரல், கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் அதிகாரமாக வந்தது.

"கரண்டு வந்திருச்சுல்ல, அப்ப அந்த ஃபேனையும் போட்டு விடும்மா, புழுக்கம் தாங்கல!"

ஊரே கரண்டைப் போடச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிடுகிறது. நானும் மீரான் பாயும் முதலில் அணைத்துவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு, அப்புறமாகப் பேசியே இதுவரை உயிரோடு பிழைப்பு நடத்துகிறோம்.